யௌ சம்

பதினாறு வருசம் ஹாங்காங்கில் கைக்கடிகாரம் விற்றுவிட்டு
மகபூப்பாளையத்துக்குத் திரும்பியவர்
இரண்டு பெட்டி, ஒரு அரிசி குக்கர்,
ஆறாத முதுகுவலி கொண்டுவந்தார்.
சொற்களும் கொஞ்சம்
வேட்டியில் ஒட்டிய நாயுருவி மாதிரி
கூடவே வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

டக் டங் என்பார்.
கடிகாரம் அடிப்பதைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.
வேண்டுமென்றே செய்வதாம்.
ஆரப்பாளையம் பஸ்ஸில் ஒருத்தன் காலை மிதித்தால் டக் டங்.
சரியாகச் சோற்றில் கை வைக்கையில் கரண்டு போனால் டக் டங்.
மின்வாரியம் முழுக்க
இவரை நினைத்தே வேலை பார்க்கிறது.

மோ சம் என்பார்.
பீங்கான் தட்டை அவரே உடைத்துவிட்டு அதைச் சொன்னார்.
"ஆமா, மோசந்தான். ஜோடித் தட்டு" என்றேன்.
சிரித்தார்.
மோ, இல்லை. சம், மனசு.
மனசில் இல்லாமல் நடந்துவிட்டதாம்.
அந்த ஊரில் மன்னிப்பாகக் கிளம்பிய சொல்
என் காதுக்கு வருவதற்குள் குற்றமாகிவிட்டது.

அப்போதுதான் அண்ணன் மகளுக்கு நிக்காஹ்.
பத்திரிகையில் மாமன்மார் பெயர் ஒன்பது,
பரமக்குடியில் ஒரே ஒருமுறை பார்த்த
ஒன்றுவிட்ட சகலை பெயர்கூட.
ஹபீப் நெய்னா இல்லை.
கண்ணாடி போட்டுப் படித்தார்.
கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.
நாலாக மடித்து குக்கர் மேல் வைத்தார்.

யௌ சம், என்றார்.
யௌ, இருக்கிறது.
மனசு இருக்கிறது. மனசு வைத்துச் செய்தது.

நான் அண்ணனுக்கு வக்கீலாக நின்றேன்.
"கீழவாசல் பிரஸ்ஸுங்க, அவிய்ங்க
மாப்பிள்ளை பேரையே மாத்திப் போடுறவய்ங்க."
சொல்லும்போதே தெரியும்.
கப்பலூரில் அத்தா விட்டுப்போன மூணு செண்டு.
என் கையெழுத்துக் கேட்டு அண்ணன் வந்தபோது
"யோசிச்சுச் சொல்றோம் மச்சான்" என்றார் இவர்.
யோசிக்கத்தான் கேட்டார், சத்தியமாக.
அதை அண்ணன்
எந்தச் சொல்லில் போட்டு மூடிவைத்தானோ.

நிக்காஹுக்குப் போனோம்.
மொய் எழுதினோம்.
பிரியாணி வாசம் மண்டப வாசல்வரை
துரத்திக்கொண்டு வந்தது. சாப்பிடவில்லை.
அப்புறம் பதினாலு மாசம் பேச்சில்லை.

நேற்று அஸர் முடிந்த நேரம்
படியில் ஆள் நிழல்.
அண்ணன்.
ஒரு பை கொய்யாவை நிலைக்கு உள்ளே நீட்டினான்,
அவன் வெளியிலேயே நின்றான்.
"மச்சானுக்குக் கால் புண் ஆறிருச்சா?"

ஆஸ்பத்திரிக்குப் போனதை
நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.
யாரிடம் கேட்டானோ, எத்தனை பேரிடமோ.

இவர் நிமிர்ந்தார்.
யௌ சம், என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தான்.
"என்னம்மா சொல்றாரு?"

திக்கென்றது எனக்கு.
நலம் விசாரிக்கிறவருக்கும் அங்கே
இதையேதான் சொல்வார்கள் என்று
எப்போதோ சொல்லியிருக்கிறார்:
உங்களுக்கு மனசு இருக்கு, கேட்டீர்களே.
இது எந்த யௌ சம்?
முகத்தைப் பார்த்தால்
அவர் கொய்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குரலும் காட்டிக்கொடுக்கவில்லை,
குக்கர் மேல் பத்திரிகை வைத்த அதே குரல்.

குடும்பம் முழுக்க என் வாயில் வந்து நின்றது.
நன்றி என்று சொன்னால் பொய்யாகலாம்.
வேணும்னே என்றால்
கொய்யா திரும்பிப் போய்விடும்.

"ஒண்ணுமில்லண்ணே,
நீங்க மனசுல வச்சிருக்கீங்கன்னு சொல்றாரு."

அண்ணன் பேசவில்லை.
தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.
அவன் போய்த் திரும்பும்வரை
மூன்று பேரும் அந்த வாக்கியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு அண்ணன்
ஒரு செருப்பைக் கழற்றினான்.
ஒன்றை மட்டும்.